வீட்ல இருக்கற மாற்றுத்திறனாளிக்கு ஹோம் தேடி அலைஞ்சவங்க, சேத்து விட்டவங்க, உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

தஞ்சாவூர்_அண்ணன்:
போன மாசம் நடந்தது, இன்னும் மனசை விட்டுப் போகல. தம்பிக்கு 38 வயசு, அறிவுசார் குறைபாடு, பேச்சு கொஞ்சம் வரும், குளிக்கும்போது மட்டும் பக்கத்துல ஆள் நிக்கணும், ரெண்டு வேளை வலிப்பு மாத்திரை. அம்மாவுக்கு 71, மூட்டு ஆபரேஷனுக்கு அப்புறம் அவங்களால முடியல. ஆறு ஹோம் பாத்தோம், டெபாசிட், வெயிட்டிங் லிஸ்ட், எடுத்த எடுப்புல "அடிப்பானா?"ன்னு ஒரு கேள்வி, எல்லாம் உங்களுக்கே தெரியும். கடைசியா ஒண்ணு அமைஞ்சுது, முதல்ல ஒரு மாசம் ட்ரையல்.

அம்மா பதினஞ்சு நாளா உக்காந்து அவனோட ஒவ்வொரு துணியிலயும் நீல நூல்ல பேர் தச்சாங்க. சட்டைக்கு காலர் உள்பக்கம், கைலி, துண்டு எல்லாத்துக்கும் ஓரத்துல. கண்ணு சரியா தெரியாது, ஊசில நூல் கோக்க மட்டும் பக்கத்து வீட்டுப் பொண்ணைக் கூப்பிடுவாங்க. கொண்டு போய்க் குடுத்தா வார்டன் மேல இருந்த சட்டையைப் பிரிச்சுப் பாத்துட்டு, "பேரெல்லாம் எதுக்கும்மா, இங்க நம்பர்தான்"னு கருப்பு மார்க்கர் எடுத்து அந்த நூல் மேலயே 27ன்னு எழுதிட்டார். அம்மா பாத்துக்கிட்டே நின்னாங்க. அவர் கெட்டவர்னு சொல்ல மாட்டேன், நாப்பது பேர் துணி ஒண்ணா வெளுக்கறாங்க, கலந்துடும்தான்.

கிளம்பும்போது தம்பி அழல, "சாயங்காலம் வேன் வருமா"ன்னு மட்டும் கேட்டான். ஸ்பெஷல் ஸ்கூல் வேன். அவன் ஸ்கூல் போறத நிறுத்தி இருபது வருஷம் ஆச்சு. நான் வரும்டான்னு சொல்லிட்டேன்.

மதுரை_தங்கச்சி:
அண்ணா, படிச்சுட்டு கொஞ்ச நேரம் போனைக் கீழ வச்சுட்டேன். எங்களுக்கு நடந்தது கலெக்டர் ஆபீஸ்ல. எங்க அண்ணனுக்கு 45, டவுன் சிண்ட்ரோம். அம்மா போய் எட்டு மாசம் ஆகியிருந்துச்சு, ஹோம்ல கார்டியன்ஷிப் சர்டிபிகேட், அதாவது அவனுக்குச் சட்டப்படி பொறுப்பாளர் யாருங்கற சான்று, கேட்டாங்க. 18 முடிஞ்சுட்டா பெத்தவங்களே ஆனாலும் சட்டப்படி தானா கார்டியன் கிடையாதாம், நேஷனல் ட்ரஸ்ட் சட்டத்துல லோக்கல் லெவல் கமிட்டிக்கு மனு போடணும், கலெக்டர்தான் அதுக்குத் தலைவர். மூணு தடவை அலைஞ்சு நாலாவது தடவை கூப்பிட்டாங்க.

கலெக்டர் மேடம் என்கிட்ட எதுவும் கேக்கல, நேரா அண்ணனைப் பாத்து "நீங்க யார்கூட இருக்க ஆசைப்படறீங்க"ன்னு கேட்டாங்க. இந்த 45 வருஷத்துல அவனை யாரும் நீங்கன்னு கூப்பிட்டு நான் கேட்டதில்ல. என்னைக் கை காட்டுவான்னு நெனச்சேன், வீட்ல பத்து நாளா சொல்லிக் குடுத்துத்தான் கூட்டிட்டுப் போனேன். அவன் சட்டைப் பையில இருந்து அம்மா போட்டோவ எடுத்து மேஜை மேல வச்சான். மேடம் அதைக் கையில எடுத்துப் பாத்துட்டு, எழுந்து வந்து அவன் பையிலயே திருப்பி வச்சு பட்டனும் போட்டு விட்டாங்க.

ஆர்டர் வந்துடுச்சு, அதுல என் பேர்தான் இருக்கு. ஆனா அவன் சொன்ன பதில் அது இல்லையே.

கூட்டுக்குடும்பம்:
யாரும் தப்பா எடுத்துக்காதீங்க, பெத்த தாய் உயிரோட இருக்கும்போதே ஹோம்ல விடறத என்னால ஏத்துக்க முடியல. எங்க சித்தப்பா இதே மாதிரிதான், கல்யாணம் ஆகல, கடைசி வரைக்கும் எங்க வீட்லதான் இருந்தார், நாங்க எல்லாரும் பாத்துக்கிட்டோம். திண்ணையில உக்காந்து நாங்க ஸ்கூல்ல இருந்து வரும்போது ஒவ்வொருத்தர் பேரா சொல்லிக் கூப்பிடுவார், அந்தக் குரல் இன்னும் காதுல இருக்கு. தஞ்சாவூர் சார், வேன் வரும்னு பொய் சொன்னீங்களே, அவர் தினமும் காத்துக்கிட்டுல்ல இருப்பார்.

ஆட்டிசம்_அப்பா:
கூட்டுக்குடும்பம், எல்லாரும் பாத்துக்கிட்டோம்னு எழுதறீங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து உங்க சித்தப்பாவுக்குத் துணி மாத்தி விட்டது யாரு? உங்க பாட்டியா, அம்மாவா? அவங்ககிட்ட கேட்டுட்டு வந்து எழுதுங்க. என் பையனுக்கு 24 வயசு, 90 கிலோ, கரண்ட் போனா தாங்க மாட்டான், போன மழையில என் மனைவி கையில ஏழு தையல். அவளுக்கு அவன் மேல பாசம் இல்லன்னு யாராவது சொல்லுங்க பாப்போம்.

என் அனுபவம்னா, ரெண்டு வாரம் முன்னாடி ஒரு ஹோம் பாக்கப் போனேன், மதியம் மூணு மணி. தரை பளபளன்னு இருக்கு, கட்டில் வரிசையா இருக்கு, ஹால்ல இருபது பேர் சும்மா உக்காந்திருக்காங்க, டிவி ஓடுது, ஒருத்தரும் அதைப் பாக்கல. வெளிய வரும்போது நரைச்ச முடியோட ஒருத்தர் என் வாட்சைத் தொட்டு மணி என்னன்னார். மூணு இருபதுன்னேன். நாலு அடி வச்சதும் பின்னாடியே வந்து திரும்பக் கேட்டார். அப்பதான் கவனிச்சேன், அந்த ஹால்ல ஒரு கடிகாரம் கூட இல்ல. அங்க சேக்கல. வேற எங்கன்னும் இன்னும் தெரியல.

ரிட்டயர்டு_சூப்பிரண்ட்:
என் மகளுக்கு 41, செரிப்ரல் பால்சி (மூளை முடக்குவாதம்), ஆறு வருஷமா ஹோம்ல இருக்கா, முதல் நாள் ராத்திரி நானும் அவ அம்மாவும் பஸ் ஸ்டாண்டுலயே உக்காந்திருந்தோம், ஊருக்குத் திரும்ப மனசு வரல. சரி, உபயோகமா நாலு வார்த்தை சொல்றேன். கார்டியன்ஷிப் வாங்கினதோட முடிஞ்சுதுன்னு நெனைக்காதீங்க, அவங்க பேர்ல சொத்து இருந்தா ஆறு மாசத்துக்குள்ள பட்டியல் குடுக்கணும், வருஷா வருஷம் கணக்கும் குடுக்கணும். 1999ல வந்த நேஷனல் ட்ரஸ்ட் சட்டம் ஆட்டிசம், செரிப்ரல் பால்சி, அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு இந்த நாலுக்கு மட்டும்தான், அதுல நிராமயான்னு ஒரு லட்சம் வரைக்கும் மெடிக்கல் இன்சூரன்ஸ் உண்டு, மெடிக்கல் டெஸ்ட் எதுவும் வேணாம், இன்னும் போடாதவங்க போட்டுடுங்க. அப்பா அம்மால யாராவது கவர்ன்மென்ட் சர்வீஸ்னா, சம்பாதிக்க முடியாத பிள்ளைக்கு ஆயுசுக்கும் குடும்ப பென்ஷன் உண்டு, நீங்க இருக்கும்போதே பிபிஓல, அதாவது பென்ஷன் ஆர்டர்ல, பேரை ஏத்திடுங்க, பின்னாடி அண்ணன் தங்கச்சி ஆபீஸ் ஆபீஸா அலையறத என் சர்வீஸ்ல எத்தனையோ தடவை பாத்திருக்கேன். ஹோம் பாக்கப் போனா 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி பதிவுச் சான்றிதழ் இருக்கா, தேதி முடிஞ்சுடுச்சான்னு பாருங்க. சொல்லாம போங்க, ராத்திரி எட்டு மணிக்குப் போங்க, பகல்ல நாலு ஆயா இருப்பாங்க, ராத்திரி எத்தனை பேர்ங்கறதுதான் விஷயம். வலிப்பு மாத்திரை யார் கையில குடுக்கறாங்க, எழுதி வைக்கற நோட்டு இருக்கான்னு கேளுங்க, நோட்டு இல்லாத இடத்துல விடாதீங்க. கார்டியனா உங்களுக்கு அப்புறம் யாருன்னும் இப்பவே வீட்ல பேசுங்க, இதுக்குத்தான் யாரும் வாயே திறக்க மாட்டேங்கறாங்க.

சாவி:
சார் சொன்னதுல ஒண்ணு சேக்கறேன், மனநோய் அந்த நாலுல வராது, அதுக்கு 2017 மனநலச் சட்டம் தனி. என் அக்காவுக்கு ஸ்கிசோஃப்ரினியா. ஹோம்னு யார் சொன்னாலும் எனக்கு 2001 ஏர்வாடிதான் ஞாபகம் வரும், சங்கிலில கட்டிப் போட்டிருந்தவங்க 28 பேர் தீயில போனாங்க. அதனாலயே பல வருஷம் அவளை வீட்டை விட்டு எங்கயும் அனுப்பல. அப்புறம் ஊருக்குள்ளயே சாதாரண வாடகை வீடு எடுத்து நாலஞ்சு பேர் சேந்து இருக்கற ஏற்பாடு பத்திக் கேள்விப்பட்டேன், சென்னைல பேன்யன் அமைப்பு ஹோம் அகெய்ன்னு பண்றாங்களே, அதே மாதிரி ஒண்ணு. அக்கா இப்ப அப்படி ஒரு வீட்லதான் இருக்கா. ஒரு நாள் போனப்ப வீடு பூட்டியிருந்துச்சு, படில உக்காந்திருந்தேன். காய்கறிப் பையோட தெருமுனைல இருந்து வந்தா, இடுப்புல சொருகியிருந்த சாவியை எடுத்துத் திறந்து, "உள்ள வா, வெயில்ல ஏன் உக்காந்திருக்க"ன்னா. எங்க வீட்ல இருந்த பதினாலு வருஷமும் அவ கையில நாங்க சாவியே குடுத்ததில்ல.

தஞ்சாவூர்_அண்ணன்:
எல்லாருக்கும் நன்றி. கூட்டுக்குடும்பம், உங்க வார்த்தை வலிச்சுது, ஆனா வேன் விஷயத்துல நீங்க சொன்னது சரி. சாயங்காலம் ஆனா வாசல் கேட் பக்கத்துல வந்து நிக்கறான்னு ஆயாம்மாவும் சொன்னாங்க. ஞாயித்துக்கிழமை போய் காலண்டர்ல சிவப்புத் தேதி எல்லாம் காட்டி, வேன் வராதுடா, இந்தச் சிவப்புக்கெல்லாம் நான் வருவேன்னு சொன்னேன். "வேன் இல்ல"ன்னு ரெண்டு தடவை சொல்லிக்கிட்டான். அப்புறம் "அண்ணன் வண்டி"ன்னான். ட்ரையல் முடிஞ்சு அங்கயே விடறதா இல்லையான்னு இன்னும் முடிவு பண்ணல.

வார்டன்கிட்டயும் பேசினேன், காலர்ல பேர் இருக்கட்டும், நம்பரைக் கீழ் மடிப்புல போட்டுக்கறேன்னு ஒத்துக்கிட்டார். மார்க்கர் போட்ட சட்டையை மட்டும் வீட்டுக்கு வாங்கிட்டு வந்தேன். எத்தனை தடவை துவைச்சும் அந்தக் கருப்பு போகல, அம்மா அது மேலயே நூலை ரெட்டையா போட்டுத் திரும்ப தைக்கறாங்க. ஊசில இப்ப நான்தான் நூல் கோத்துக் குடுக்கறேன்.