கருவிலேயே மது பாதித்த பிள்ளை: வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் அக்கா, அண்ணன்மாரே. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் இருக்கிறோம். தங்கச்சி மகனை நான்தான் வளர்க்கிறேன், 8 வயசு. காலையில் ஏழாம் வாய்ப்பாட்டை முழுசாய் ஒப்பிப்பான். மத்தியானம் கேட்டால் முதல் தடவை கேட்பதுபோல் முழிப்பான். சட்டைப் பொத்தானை இன்னும் நான்தான் போட்டுவிடுகிறேன். பள்ளியில் பிடிவாதக்காரன் என்கிறார்கள்.

அவன் வயிற்றில் இருந்தபோது தங்கச்சி சம்சு என்கிற மலிவான சாராயம் குடித்தாள். தாய் குடிக்கும் மது தொப்புள்கொடி வழியாகப் போய்ப் பிள்ளையின் மூளையைப் பாதிக்கும். 1973இலேயே மருத்துவர்கள் இதற்கு 'ஃபீட்டல் ஆல்கஹால் சிண்ட்ரோம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். முகத்தில் அடையாளமே இல்லாமலும் இருக்கலாம். முழுசாய்த் தீராது, ஆனால் சின்ன வயசிலேயே பயிற்சி கொடுத்தால் நல்லாத் தேறும். தங்கச்சியை ஏசாதீர்கள், அன்றைக்கு அவளுக்கு எடுத்துச் சொல்ல ஆளில்லை.

ஈப்போவில் பிள்ளைகள் நிபுணரைப் பார்க்க, இங்கே கிளினிக்கில் கடிதம் எப்படிக் கேட்பது? ஓகேயு அட்டைக்கு (மாற்றுத்திறனாளி அட்டை), பிடிகே வகுப்புக்கு (மாற்றுத்திறனாளிகளுக்கான சமூக மறுவாழ்வு மையம்) யாராவது பதிந்திருக்கிறீர்களா? இப்படிப் பிள்ளையை வளர்ப்பவர்கள் இருந்தால் என்னோடு கொஞ்சம் பேசுங்களேன்.