புதுப்பிப்பு: ட்ரையர் பிளேட்டைத் தண்ணீரிலேயே வெட்டியாச்சு

போன மாசம் கேட்டிருந்தேனே, குன்னூரில் எங்கள் டீ ஃபேக்டரி ட்ரையருக்கு 12 மி.மீ. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பிளேட், பிளாஸ்மாவில் (மின்சுடரின் சூட்டில்) வெட்டினால் வளைகிறது என்று. வாட்டர்ஜெட்டில், அதாவது பீய்ச்சும் தண்ணீரில், வெட்டச் சொன்னவர்களுக்கு நன்றி. பர்லியார் வழியாக இறங்கி, கோவையில் வெட்டி வந்தேன்.

வெட்டுவது வெறும் தண்ணீர் இல்லை. சுமார் 4,000 பார் (காற்றழுத்தத்தைப் போல் ஏறக்குறைய 4,000 மடங்கு) அழுத்தத்தில் அதோடு பாயும் கார்னெட் என்ற கடினமான மணல். ரப்பர், ஃபோமுக்குத்தான் தண்ணீர் மட்டும் போதும். வெட்டிய கையோடு தொட்டேன், ஊட்டித் தண்ணீர் மாதிரி சில்லென்று இருந்தது. வளைவில்லை, விளிம்பில் சூட்டால் வரும் நீலமும் ஏறவில்லை.

அவசரப்பட்டு வேகமாக ஓட்டச் சொன்னது என் தப்பு. மேல்விளிம்பு வழவழ, கீழ்ப்பாதி வரிவரியாக, போல்ட் துளையும் அடியில் லேசாகக் குறுகி. அரத்தோடு அரை நாள் போச்சு. அடுத்த பிளேட்டுக்குத் துளைகளை மட்டும் மெதுவாக ஓட்டச் சொல்லியிருக்கிறேன்.