குளியல் தொட்டிக்கு மேல் மின்சார ஷவர்: பொருத்தியவர்களின் அனுபவங்கள்

முதல் பகிர்வு

எங்கள் வீட்டில் ஒருவர் குளியல் தொட்டியை நிரப்பினாலே சேமிப்பு ஹீட்டரில் இருந்த வெந்நீர் தீர்ந்துவிடும். அடுத்தவர் காத்திருக்க வேண்டும். அதனால் தொட்டியை அகற்றாமல், அதன் மேல் சுவரில் மின்சார ஷவர் ஒன்றைப் பொருத்தினோம். குளிர்ந்த நீர்க்குழாயிலிருந்து மட்டும் நீரை எடுத்து, அது ஓடும்போதே சூடாக்கித் தருவதால், முன்கூட்டிச் சுட வைக்கும் தேவை இல்லை.

பொருத்த நினைப்பவர்கள் பெரும்பாலும் எந்த மாடல் நல்லது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் வீட்டின் மின் இணைப்பு எவ்வளவு சுமையைத் தாங்கும் என்று கேட்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. 3 கிலோவாட் சேமிப்பு ஹீட்டர் 230 வோல்ட்டில் எடுப்பது 13 ஆம்பியர்தான். 9.5 கிலோவாட் ஷவரோ கிட்டத்தட்ட 40 ஆம்பியர் எடுக்கும். பழைய ஹீட்டருக்கு வந்த கம்பியிலேயே இதையும் இணைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். சுவருக்குள் அந்தக் கம்பி சூடேறி உருகுவது வெளியே தெரியாது. எங்கள் எலக்ட்ரீஷியன் மின்பெட்டியிலிருந்து 10 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிளைத் தனியாக இழுத்து, அதற்கென்று அளவுக்கு மீறி மின்சாரம் பாய்ந்தால் தானே துண்டிக்கும் தனி எம்.சி.பி.யும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் வைத்தார். கேபிள் கூரையின் வெப்பத்தடுப்புப் பஞ்சுக்குள் சென்றால் அதன் சூடு வெளியேற வழியில்லாமல் தாங்கும் திறன் குறைந்துவிடும் என்பதால், பஞ்சைத் தவிர்த்து வேறு வழியாகக் கொண்டுவந்தார். தூரம் கூடினாலும் அதுவே சரி என்று நாங்களும் ஒப்புக்கொண்டோம்.

தொட்டியில் நிற்பவரின் ஈரக் கைக்கு எட்டும் இடத்தில் சாதாரணச் சுவிட்ச் இருக்கக் கூடாது. எனவே மின்னோட்டத்தின் இரு கம்பிகளையும் ஒருசேரத் துண்டிக்கும் சுவிட்சைக் கூரையில் பொருத்தி, கயிற்றை இழுத்து இயக்கும்படி அமைத்தார்கள். டைல்ஸ் ஒட்டும் வேலைக்கு முன்பே இவை அனைத்தும் முடிந்திருந்ததால் எதையும் திரும்ப உடைக்க நேரவில்லை.

இரண்டாம் பகிர்வு

மேலே எழுதிய நண்பர் மின்சாரத்தைப் பற்றிச் சொன்னதில் கூட்டவோ குறைக்கவோ ஏதுமில்லை. நீரைப் பற்றி நான் சேர்க்கிறேன். பெட்டியில் 9.5 கிலோவாட் என்று அச்சிட்டிருந்தாலும், அது 240 வோல்ட்டுக்கான கணக்காக இருக்கலாம். 230 வோல்ட்டில் அதே ஹீட்டர் ஏறத்தாழ 8.7 கிலோவாட்தான் தரும். குழாய் நீர் 20 டிகிரியாக இருக்கும் காலத்தில், 40 டிகிரி வெந்நீர் நிமிடத்துக்கு 6 லிட்டருக்குச் சற்று அதிகமாகக் கிடைக்கும். குழாய் நீரே 10 டிகிரிக்கு இறங்கிவிட்டால் 4 லிட்டரளவுதான். குளிர்காலத்தில் தாரை மெலிந்துபோனதைப் பார்த்து என் குடும்பத்தினர் கருவி பழுதாகிவிட்டது என்றே கவலைப்பட்டார்கள். கணக்கை எழுதிக் காட்டிய பிறகுதான் அமைதியானார்கள். பெரிய ஷவர் தலையை மாற்றினால் நீர் கூடும் என்று நினைப்பதும் வீண், ஏனெனில் தடை ஷவர் தலையில் இல்லை, ஹீட்டரின் திறனில்தான் இருக்கிறது.

அழுத்தத்தையும் வாங்குவதற்கு முன்பே அளந்துவிடுங்கள். 1 பார் அழுத்தம் கேட்கும் மாடல்கள் பல உள்ளன. மேல்தளத் தொட்டியிலிருந்து நீர் இறங்குவதாக இருந்தால், அதற்குக் கிட்டத்தட்ட 10 மீட்டர் உயரம் வேண்டும். எங்கள் தொட்டி குளியலறைக்கு நேர் மேலே, மிகக் குறைந்த உயரத்தில் இருந்ததால், தெருக் குழாயிலிருந்து நேராக வரும் இணைப்பிலிருந்தே பிளம்பர் கிளை எடுத்துக் கொடுத்தார். ஷவருக்கு முன்னால் தனி அடைப்பு வால்வு ஒன்றையும் வைக்கச் சொன்னேன். பிறகு ஒருமுறை பழுது பார்க்க நேர்ந்தபோது, வீடு முழுவதற்கும் நீரை நிறுத்தாமல் வேலையை முடிக்க முடிந்தது.

மூன்றாம் பகிர்வு

எங்கள் அனுபவம் தொட்டியின் விளிம்பைப் பற்றியது. குளிக்க மட்டும் பயன்பட்ட தொட்டிக்கு மேல் ஷவர் வந்தவுடன், முன்பு நனையாத சுவர் தினமும் நனையத் தொடங்குகிறது. தொட்டிக்கும் டைல்ஸுக்கும் இடையே இருந்த பழைய சிலிகோனை முழுவதும் சுரண்டி எடுத்து, தொட்டியில் நீர் நிரப்பி, அந்தப் பாரத்தில் அது சற்றே கீழிறங்கிய நிலையில் புதிய சிலிகோனைப் பூசினோம். காய்ந்த பிறகே நீரை வெளியேற்றினோம். காலியான தொட்டியில் பூசினால், ஆள் ஏறி நிற்கும்போது இணைப்பு இழுபட்டுப் பிளந்து, நீர் கீழே தரைக்குள் இறங்கும்.

ஷவர் பெட்டியைச் சுற்றிலும் சிலிகோன் அடைக்க வேண்டுமா என்று சிலர் கேட்பதுண்டு. எங்கள் மாடலின் கையேடு வேண்டாம் என்றே சொன்னது: உள்ளே கசிவு ஏற்பட்டால் அந்த நீர் வெளியே வந்து கண்ணில் பட வேண்டும். கைஷவரின் குழாயைப் பிடித்து நிறுத்தும் வளையத்தைத் தேவையற்றது என்று கழற்றி எறியாதீர்கள். கைஷவர் தொட்டி நீருக்குள் மூழ்கிக் கிடக்கும்போது குழாயில் அழுத்தம் திடீரென்று விழுந்தால், குளித்த நீர் நல்ல நீர்க்குழாய்க்குள் இழுக்கப்படக்கூடும். அதைத் தடுக்கவே அந்த வளையம்.

இணைப்பதற்கு முன் குழாயைச் சிறிது நேரம் ஓடவிட்டு மண்ணையும் துகள்களையும் வெளியேற்றினோம். முதல் முறை இயக்கும்போது மின்சாரம் இல்லாமல் குளிர்ந்த நீரை மட்டும் ஓடவிட்டு, உள்ளே காற்று முழுவதும் போய்த் தாரை சீரான பிறகே கூரைக் கயிற்றை இழுத்தோம். நீரில்லாமல் சூடேறினால் ஹீட்டர் கருகிவிடும். உப்புநீர் உள்ள எங்கள் வீட்டில் ஷவர் தலையை அவ்வப்போது கழற்றி வினிகரில் ஊறவைக்கிறோம். துளைகள் அடைபட்டு உள்ளழுத்தம் ஏறினால், பாதுகாப்பு வால்வு திறந்து பெட்டியின் அடியிலிருந்து நீர் கொட்டும். குழாய் முறுக்கிக்கொண்டாலும் இதே நிலைதான். ஆர்.சி.சி.பி.யின் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்ப்பதையும் அதே வேலையுடன் சேர்த்துச் செய்துவிடுகிறோம்.