எத்தனால்–நீர் கலவையின் அடர்த்தி: 150 பாகையில் விலகல் வருவது ஏன்?

சேலம் ஆய்வு மாணவி:
வணக்கம். முதுநிலை ஆய்வுக்காக எத்தனால்–நீர் கலவைகளின் அடர்த்தியை 25 முதல் 150 பாகை செல்சியஸ் வரையிலும் 100 பார் அழுத்தம் வரையிலும் அதிர்வுக் குழாய் அடர்த்திமானியால் (திரவம் நிரப்பிய குழாயை அதிரவைத்து, அது அதிரும் வேகத்திலிருந்து அடர்த்தியைக் கணிக்கும் கருவி) அளந்து வருகிறேன். அறை வெப்பநிலையில் எண்கள் அட்டவணையோடு நன்றாகப் பொருந்துகின்றன. 100 பாகையைத் தாண்டியதும் தூய நீருக்குக்கூட விலகல் வளர்ந்துகொண்டே போகிறது. அளவுத்திருத்தம் (அடர்த்தி தெரிந்த பொருள்களைக் கொண்டு கருவியைச் சரிபார்ப்பது) அறை வெப்பநிலையில் நீரையும் காற்றையும் கொண்டு செய்யப்பட்டது. காரணத்தை எங்கே தேடுவது?

ஏற்காடு வாசகர்:
தூய நீரிலேயே விலகல் தெரிவதால், முதலில் அளவுத்திருத்தத்தைத்தான் பார்க்க வேண்டும். குழாய்க்குள் இருக்கும் திரவத்தின் அடர்த்தி, அதிர்வுக் காலத்தின் (ஓர் அதிர்வுக்கு ஆகும் நேரத்தின்) வர்க்கத்தோடு நேர்கோட்டு உறவு கொண்டது. ஆனால் அந்த உறவின் இரண்டு மாறிலிகளும் குழாய் உலோகத்தின் விறைப்பையும் உட்கொள்ளளவையும் சார்ந்தவை என்பதால், சூடேறும்போது உலோகம் தளர்ந்து விரிவதும், அழுத்தத்தால் குழாய் சற்றே உப்புவதும் அவற்றை மாற்றிவிடுகின்றன. ஆகவே அளக்கும் ஒவ்வொரு வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் நீரைக் கொண்டு மாறிலிகளை மீண்டும் பெறுங்கள். நீரின் அடர்த்தியைக் கணிக்க 1995ஆம் ஆண்டின் பன்னாட்டுச் சமன்பாடு (IAPWS-95) நம்பகமானது. 150 பாகை, 100 பாரில் அது தரும் அடர்த்தி கனமீட்டருக்கு ஏறத்தாழ 922 கிலோ. வெப்பமானியையும் சோதியுங்கள்: 25 பாகை அருகே ஒரு பாகைப் பிழை நீரின் அடர்த்தியில் கால் கிலோவை மட்டுமே மாற்றும், 150 பாகையில் அதே பிழை ஒரு கிலோ அளவுக்கு மாற்றும்.

அளவுத்திருத்தத்தில் நீருக்கு அடுத்த இரண்டாவது ஒப்பீடாகக் காற்றை விட வெற்றிடமே நல்லது. ஏறத்தாழ 1500 மீட்டர் உயரமுள்ள எங்கள் ஊரில் காற்றின் அழுத்தம் 0.85 பார் அளவுதான்; கடல்மட்டக் காற்றின் அடர்த்தியை இங்கே இட்டால் கனமீட்டருக்கு 0.2 கிலோ அளவுக்குப் பிழை நுழையும். சேலத்தில் இது குறைவு, என்றாலும் இல்லாமல் போகாது.

வேதிப் பொறியாளர், சேலம்:
மேலே சொன்னது முழுவதும் சரி. கலவைக்கு வரும்போது இயைபே (எது எவ்வளவு கலந்துள்ளது என்பதே) பெரிய சிக்கல். 50 மில்லி எத்தனாலும் 50 மில்லி நீரும் சேர்ந்தால் 96 மில்லி அளவே கிடைக்கும். எனவே கொள்ளளவை நம்பாமல் எடைபோட்டே கலக்க வேண்டும். அறை வெப்பநிலையில் தூய நீருக்கும் தூய எத்தனாலுக்கும் இடையே அடர்த்தி வேறுபாடு கனமீட்டருக்கு ஏறத்தாழ 209 கிலோ என்பதால், எடையில் ஒரு விழுக்காடு மாறினாலே சராசரியாக இரண்டு கிலோ மாறும். கரைந்த காற்றை நீக்குவதற்காகக் கலவையைக் கொதிக்கவிட்டால் எத்தனாலே முதலில் வெளியேறும். நீரையும் எத்தனாலையும் தனித்தனியே காற்றுநீக்கி, பிறகு மூடிய கலத்தில் கலப்பதே பாதுகாப்பானது.

சேலம் ஆய்வு மாணவி:
மிக்க நன்றி. வெற்றிடத்தோடும் நீரோடும் ஒவ்வொரு வெப்பநிலையிலும் மீண்டும் தொடங்குகிறேன். சூடேற்றிய பிறகு அழுத்தம் கொடுக்கலாமா?

வேதிப் பொறியாளர், சேலம்:
கூடாது. 150 பாகையில் எத்தனாலின் ஆவியழுத்தம் 10 பாரை நெருங்குகிறது. அழுத்தம் குறைவாக இருந்தால் குழாய்க்குள் குமிழி உருவாகி அளவீடு முழுவதும் கெடும். முதலில் அழுத்தம், பிறகு வெப்பம். நிறுத்தும்போது குளிர்ந்த பின்னரே அழுத்தத்தை விடுங்கள். இரு வால்வுகளுக்கிடையே திரவத்தை முழுவதுமாக அடைத்துச் சூடேற்றினால் அழுத்தம் கட்டுக்கடங்காமல் ஏறும் என்பதால், பாதுகாப்பு வால்வு இல்லாத இணைப்பில் இந்த அளவீட்டைத் தொடங்கவே வேண்டாம்.