நான் வீகன், அவன் வீட்டுல ஆடு வளர்க்குறாங்க. கல்யாணம் வரைக்கும் வந்தாச்சு, இப்ப முட்டுது

மோர்மிளகாய்:

வயசு 29. மதுரைக்காரி, சென்னையில வேலை. மூணு வருஷப் பழக்கம். ரெண்டு வீட்டுலயும் சொல்லியாச்சு. சாதி வேற வேறதான், அந்தச் சண்டைகூட எட்டு மாசத்துல அடங்கிடுச்சு. அடங்காதது சோத்துச் சண்டை.

அஞ்சு வருஷமா நான் வீகன். கறி, மீன், முட்டை மட்டுமில்ல, பால், நெய், தேன், பட்டு, தோல் செருப்பு எதுவும் கிடையாது. முதல்லயே சொல்லிடுறேன், நான் சைவ வீட்டுப் பொண்ணு இல்ல. எங்கப்பா ஞாயித்துக்கிழமை விடிஞ்சதும் கறிக்கடையில தூக்குவாளியோட நிக்கிற ஆளு. கூட வேலை பார்த்த பொண்ணோட ஊருக்கு ஒருதடவை போயிருந்தேன். அவங்க கொட்டகையில ஒரு பசு, வைக்கோல் திணிச்ச கன்னுக்குட்டித் தோலை நக்கிக்கிட்டே பால் கறக்க நின்னுச்சு. ஜெர்சிக் கலப்புல பொறந்த காளைக்கன்னு, உழவுக்கும் ஆகாது, பாலும் கிடையாது, சரியா ஊட்ட விடல, போயிடுச்சுன்னு காபியை ஆத்திக்கிட்டே சொன்னாங்க. அந்தக் காபிதான் கடைசி. கறியை அதுக்கு அப்புறம்தான் விட்டேன். பாலை விட்டவளுக்கு அது பெரிசா தெரியல.

அவன் விளாத்திகுளம் பக்கம். வீட்டுல கன்னி ஆடு. கறுப்பு உடம்பு, முகத்துல ரெண்டு பக்கமும் வெள்ளைக் கோடு. அப்பா இல்ல, அத்தை (அவன் அம்மா) ஒத்தை ஆளா மேய்ச்சு எட்டயபுரம் சந்தையில வித்து இவனை இன்ஜினியரிங் படிக்க வச்சாங்க. "என் செமஸ்டர் ஃபீஸ் ஒவ்வொண்ணும் ரெண்டு கிடா"ன்னு பழகின புதுசுல சிரிச்சுக்கிட்டே சொல்லுவான். இப்ப அதையே சிரிக்காம சொல்றான்.

எங்களுக்குள்ள ஒரு ஏற்பாடு ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. வெளியில அவன் என்ன வேணா சாப்பிடலாம், நான் எதிர்ல உக்காந்து தோசை சாப்பிடுவேன் (நெய் ஊத்தாதீங்க அண்ணேன்னு மூணு தடவை சொல்லி). எனக்காக வேர்க்கடலைப் பால் அரைச்சு, மிளகாய்க் காம்பு போட்டு உறை ஊத்தக்கூடக் கத்துக்கிட்டான். என்னைவிட அவன் தயிர்தான் கெட்டியா வருது.

ரெண்டு விஷயத்துல இப்ப முட்டுது.

ஒண்ணு, கல்யாணம் முடிஞ்சு மூணாம் நாள் கருப்பசாமி கோயில்ல கிடா வெட்டு, அப்புறம் கறி விருந்து. மகனுக்கு வேலை கிடைச்சா வெட்டுறேன்னு அத்தை நேந்துக்கிட்டது, நாலு வருஷமா கல்யாணத்தோட சேத்துச் செய்யலாம்னு தள்ளி வச்சிருக்காங்க. என்னைச் சாப்பிடச் சொல்லல. பொண்ணு மாப்பிள்ளை ஜோடியா முன்னாடி நிக்கணும், அவ்வளவுதான். எனக்கு அந்த 'அவ்வளவுதான்'தான் முடியல. "அம்மா முன்னாடி மூஞ்சியைச் சுளிக்காம பத்து நிமிஷம் நில்லு"ங்கறான்.

இன்னொண்ணு போன மாசம் நடந்தது. வாடகைக்கு வீடு பாக்கப் போனோம். ஹவுஸ் ஓனர் அம்மா எடுத்ததுமே "நீங்க சைவமா?"ன்னு கேட்டாங்க. "நான் பால்கூடச் சாப்பிட மாட்டேன்"னேன். வாயெல்லாம் பல்லு. உள்ள கூப்பிட்டு உக்கார வச்சு, "பாத்தாலே தெரியுது"ன்னு சொல்லிட்டு, அவன் பக்கம் திரும்பி "நீங்க எந்த ஊரு, யாரு?"ன்னாங்க. அவன் பதில் சொல்லாம படி இறங்கிட்டான். நான் அட்வான்ஸ் எவ்வளவுன்னு கேட்டுட்டுத்தான் இறங்கினேன். நல்ல வீடு, மெட்ரோ பக்கம்.

பைக்ல ஒரு வார்த்தை பேசல. ராத்திரி சொன்னான்: "உன் கொள்கைக்கு வீடு கிடைக்குது. எங்கம்மா தொழிலுக்குக் கிடைக்கல."

வீகனைத் தமிழ்ல நனிசைவம்ங்கறாங்க. அந்தச் சைவத்துலதான் என் வம்பே இருக்குபோல. நான் விட்டுக்கொடுக்கணுமா, எதுல? இப்படி இருக்குறவங்க சொல்லுங்க. 'அன்பு இருந்தா எல்லாம் சரியாகும்' டைப் பதில் வேண்டாம்.

ரெண்டாம்_ஷிஃப்ட்:

கல்யாணமாகி பதினோரு வருஷம். மனைவி வீடு வடலூர் பக்கம், வள்ளலார் வழி. 1867-ல மூட்டின தருமசாலை அடுப்பு இன்னும் அணையாத ஊரு. நான் கடலூர் மீன் தின்னு வளந்தவன். வீட்டுக்குள்ள கொண்டுவர மாட்டேன்னு வாக்குக் கொடுத்தேன், இதுவரைக்கும் மீறல. அதெல்லாம் சுலபம் தங்கச்சி. பாத்திரம், ஃபிரிட்ஜ், வாசனை எல்லாம் ஆறு மாசத்துல பழகிடும்.

பழகாதது பிள்ளை. எங்க பொண்ணு அரசுப் பள்ளி, சத்துணவுல முட்டை போட்டாங்க. கையை நீட்டி வாங்கிட்டா. அதை வச்சு ரெண்டு நாள் நாங்க பேசிக்கல. கடைசியில மனைவிதான் "ஸ்கூல்ல சாப்பிடுறது அவ பாடு"ன்னு விட்டுக்கொடுத்தா. ஆனா அன்னைக்கு அவ முகத்தை நான் மறக்கல. உங்க கேஸ்ல முட்டை மட்டுமில்ல, பாலே பஞ்சாயத்து. காதுகுத்துக்கும் குலசாமிக்குக் கிடா கேப்பாங்க. கல்யாணத்தன்னைக்கு நிக்கிற பத்து நிமிஷத்தை விட்டுட்டு அதை இப்பவே பேசுங்க.

கரிசக்காடு:

நானும் அந்தப் பக்கம்தான், ஆட்டுக்கார வீடுதான். கோவமாத்தான் எழுதுதேன், தப்பா எடுக்காதீங்க.

2003-ல கோயில்ல ஆடு கோழி வெட்டக்கூடாதுன்னு 1950-ஆம் வருஷச் சட்டத்தைத் தூசி தட்டி எடுத்தாங்க. 2004-ல அந்தச் சட்டத்தையே ரத்து பண்ணினாங்க. நடுவுல ஒரு கோயில் கொடைத் திருவிழா, எங்க ஊர்ல போலீஸ் வந்து நிக்க, சாமிக்குச் சர்க்கரைப் பொங்கல் மட்டும் வச்சோம். எங்க ஆச்சி "நம்ம சாமியைத் திருத்த வந்துட்டானுவ"ன்னு சொல்லிச்சு. உங்களைப் பாத்ததும் உங்க அத்தைக்கும் அதான் தோணும். உங்க காளைக்கன்னு கதை அவங்களுக்குத் தெரியாது. பட்டணத்துப் படிச்ச பொண்ணு நம்ம சோத்தைப் பாத்து மூக்கைப் பொத்துதுன்னுதான் தெரியும்.

வீடு விஷயத்துல நீங்க செஞ்சது தப்பு. அட்வான்ஸ் கேட்டதுதான் தப்பு. கன்னுக்குட்டிக்காக அஞ்சு வருஷம் நெய் தொடாத ஆளு, அந்தம்மா கேட்ட கேள்விக்கு எந்திரிச்சிருக்கணும்.

ஆனா ஒண்ணு, கிடா வெட்டுல நீங்க நிக்க வேண்டாம். எங்கம்மாவே நிக்காது. வளத்த ஆட்டை வெட்டும்போது கோயில் பின்னாடி போய் அடுப்பு மூட்டிக்கிட்டு இருக்கும். பல வீட்டுல அப்படித்தான். உங்க அத்தை எங்க நிப்பாங்கன்னு கேட்டீங்களா?

பழைய_சைக்கிள்:

எங்க கதை முடிஞ்சுபோச்சு, அதனால சுருக்கமா. சண்டை தாலியில. நான் கட்ட மாட்டேன்னேன், அவளுக்கு வேணும். இந்து திருமணச் சட்டத்துல தமிழ்நாட்டோட 1967 திருத்தம், 7ஏ பிரிவு, மாலை மாத்தினாலே சட்டப்படி கல்யாணம்னு விளக்கினேன். "சட்டம் எனக்கும் தெரியும், எங்கம்மா கழுத்துல இருக்குறதை நீ விலங்குன்னு சொன்னியே, அதுக்குப் பதில் சொல்லு"ன்னா. நான் மறுபடியும் சட்டத்தையே சொன்னேன். இப்பவும் தாலி விஷயத்துல என் கருத்து மாறல. அந்த வார்த்தையை மட்டும் அவகிட்டச் சொல்லியிருக்க வேண்டாம்.

உப்புக்கண்டம்:

பேரு மோர்மிளகாய், மோர் குடிக்க மாட்டீங்க. நல்லா இருக்கு. பி12 மாத்திரை போடுறீங்கதானே? கொள்கை தாங்கும், நரம்பு தாங்காது.

மோர்மிளகாய்:

மாத்திரை போடுறேன். பேரு காலேஜ்ல வச்சது, மாத்த மனசு வரல.

கரிசக்காடு அண்ணா, உங்க பதிலை முதல்ல படிச்சப்ப ஃபோனைத் தூக்கிப் போட்டேன். அப்புறம் அவனுக்கு அனுப்பினேன். சனி ஞாயிறு ஊருக்குப் போயிட்டு வந்தோம்.

பட்டுச்சேலை பேச்சுலதான் ஆரம்பிச்சுது. கூட்டைப் புழுவோட வேகவச்சுத்தான் நூல் எடுப்பாங்கன்னு சொன்னேன். அத்தை "புழுவுக்குமா தாயி?"ன்னு கேட்டுட்டு ரொம்ப நேரம் சிரிச்சாங்க. அப்புறம் அவங்களே "சுங்குடி எடுத்துக்க, வெயிலுக்கும் நல்லது"ன்னுட்டாங்க. அது அவ்வளவு சீக்கிரம் முடியும்னு நினைக்கல.

சாயங்காலம் பட்டி அடைக்கும்போது கூடப் போனேன். ஒவ்வொரு பெட்டையையும் பேர் சொல்லிக் கூப்பிடுறாங்க, அதுவும் திரும்புது. கிடாக்களை மட்டும் கூப்பிடவே இல்ல. இதுக்கெல்லாம் என்ன பேருன்னு கேட்டேன். "விக்கிறதுக்கு எதுக்குப் பேரு"ன்னாங்க. வெட்டும்போது நீங்க எங்க நிப்பீங்கன்னு கேக்கத்தான் போனேன். அதுக்கப்புறம் கேக்க வாய் வரல.

பத்து நிமிஷ விஷயம் இன்னும் அப்படியேதான் இருக்கு. அவன் இப்ப வற்புறுத்தல, ஆனா விடவும் இல்ல. பிள்ளை பேச்சை எடுத்தோம், சத்துணவு முட்டை வரைக்கும் வந்து நிறுத்திட்டோம்.

மெட்ரோ பக்கத்து வீட்டை வேண்டாம்னு நானே ஃபோன் பண்ணிச் சொல்லிட்டேன். புரோக்கர்கிட்ட இந்தத் தடவை எடுத்ததுமே, இவரு கறி சாப்பிடுவாரு, இவரு அம்மா வந்தா சமைப்பாங்கன்னு சொன்னேன். சமைக்கிறதுக்கு நான் இன்னும் ஒத்துக்கல, வாயில வந்துடுச்சு. அவன் பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தான். மூணு வீடு காட்டினாரு. மூணுமே தூரம், வாடகையும் கூட.