கலப்பு ரேம் போட்ட கணினிகள்: உங்கள் அனுபவம் என்ன?

சிவகாசி உறுப்பினர்:

அச்சகங்களுக்கும் டிடிபி கடைகளுக்கும் கணினி பழுது பார்ப்பது என் தொழில். ரேம் விலை ஏறிவிட்டதால், "இருப்பதை எடுக்க வேண்டாம், கிடைக்கிற இன்னொன்றைப் பக்கத்தில் சேர்த்துவிடுங்கள்" என்றுதான் இப்போது பலரும் கேட்கிறார்கள். சேர்க்கலாம், பெரும்பாலும் ஓடவும் செய்யும். ஆனால் திரையில் விண்டோஸ் வந்துவிட்டது என்பதற்காக வேலை முடிந்தது என்று கணினியைக் கையில் கொடுத்துவிடக் கூடாது. இதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

சிக்கல் இல்லாத கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு டிடிபி கடையில் ஏழாம் தலைமுறை ஐ5, எச்110 போர்டு. அதில் 2400 வேக டிடிஆர்4 (ரேமின் நான்காம் தலைமுறை), 8 ஜிபி இருந்தது. பக்கத்தில் 3200 வேகத்தில் இன்னொரு 8 ஜிபி போட்டேன். உடனே ஓடியது. டாஸ்க் மேனேஜரில் 2400 என்றே காட்டுகிறதே என்று கடைக்காரருக்கு மனக்குறை. ஒவ்வொரு ரேமிலும் எஸ்பிடி என்றொரு சின்ன சிப் உண்டு. அந்த ரேம் எந்த வேகத்தில், எந்த டைமிங்கில் (தரவைத் தர எடுக்கும் தாமதக் கணக்கு) ஓடும் என்ற விவரம் அதில் பதிந்திருக்கும். கணினி ஆன் ஆனதும் முதலில் ஓடும் பயாஸ் மென்பொருள் இரண்டையும் படித்துப் பார்த்து, இரண்டுக்கும் பொதுவான வேகத்துக்கு இறங்கிவிடும். அந்த பிராசஸருக்கு அதிகாரபூர்வ வேகமே 2400தான். அவருக்கு எந்த நட்டமும் இல்லை.

இன்னொன்று ஒரு ஸ்டுடியோவில் நடந்தது. கல்யாண ஆல்பம் வடிவமைக்கும் கணினி. நான்கு ஸ்லாட் போர்டில் 3200 வேகம், சிஎல்16 டைமிங் கொண்ட 8 ஜிபி ரேம் இரண்டு இருந்தன. வேறு நிறுவனத்தின் 3200, சிஎல்18 ரேம் இரண்டை யாரோ சேர்த்து, எக்ஸ்எம்பியையும் (ரேமை வழக்கமான வேகத்துக்கு மேல் ஓட்டும் பயாஸ் வசதி) ஆன் செய்துவிட்டுப் போயிருந்தார்கள். ஃபோட்டோஷாப் நன்றாக ஓடியது. நீலத் திரை வரவில்லை. ஆனால் அவ்வப்போது ஒரு ஜிப் கோப்பு திறக்காது. ஏதாவது ஒரு படத்தில் பாதிக்குக் கீழே பச்சையும் ஊதாவுமாகப் பட்டை விழும். ஹார்ட் டிஸ்க் மீது சந்தேகப்பட்டு அதன் ஆரோக்கிய அறிக்கையைப் பார்த்தோம், குறை இல்லை. சாட்டா கேபிளை மாற்றியும் பயனில்லை. பிறகு ஒரே ஃபோல்டரை இரண்டு முறை நகலெடுத்து செக்சம் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) ஒப்பிட்டேன். இரண்டும் ஒத்துப்போகவில்லை. அப்போதுதான் ரேம் பக்கம் திரும்பினேன்.

பென் டிரைவிலிருந்து மெம்டெஸ்ட்86+ என்ற ரேம் சோதனை மென்பொருளை ஓட்டியதும் சிவப்பில் பிழைகள் வரிசையாக வந்தன. நான்கையும் தனித்தனியே சோதித்தால் ஒன்றில்கூடப் பிழை இல்லை! ரேம் நான்குமே நல்லவை. எக்ஸ்எம்பி வேகம் என்பது ஒரே பெட்டியில் சேர்த்து விற்கும் ஜோடிக்கு மட்டுமே நிறுவனம் தரும் உத்தரவாதம். வேறொரு ஜோடியும் சேரும்போது பிராசஸருக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலரின் சுமை கூடுகிறது. எக்ஸ்எம்பியை அணைத்ததும் வேகம் 2400க்கு இறங்கியது, பிழைகள் நின்றன. பிறகு 2933க்கு ஏற்றி, இரவு முழுவதும் ஓடவிட்டுப் பார்த்தேன். ஒரு பிழைகூட வரவில்லை. அங்கேயே நிறுத்திவிட்டேன்.

எனக்கு இன்றும் ஆறாதது வேறு விஷயம். நகலெடுக்கும் கோப்புகள் ரேம் வழியாகத்தான் போகும். அந்த வாரங்களில் எடுத்த பேக்கப்பிலும் கெட்டுப்போன படங்கள் இருந்தன. கேமரா கார்டுகளில் அழிக்காமல் இருந்தவற்றை மட்டுமே மீட்க முடிந்தது. ஒரு குடும்பத்தின் கல்யாணப் படங்களுக்கு ஈடாக எதைக் கொடுக்க முடியும்?

கோவை உறுப்பினர்:

டிடிஆர்5 வாங்கியவர்களுக்கு இந்த எச்சரிக்கை இன்னும் அதிகமாகப் பொருந்தும், அண்ணா. என்னுடையது ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசை பிராசஸர். 6000 வேகத்தில் 16 ஜிபி ரேம் இரண்டு இருந்தன. பிளெண்டர் என்ற 3டி மென்பொருள் வேலைக்குப் போதாமல், அதே மாடலில் இன்னொரு ஜோடி வாங்கிப் போட்டேன். முதல் முறை ஆன் செய்தபோது பல நிமிடங்கள் திரை கறுப்பாகவே இருந்தது. அது பழுது அல்ல, புதிய ரேமுக்கு ஏற்ப போர்டு தன்னைச் சரிசெய்துகொள்ளும் 'டிரெய்னிங்'. பாதியில் மின்சாரத்தை நிறுத்தாமல் பொறுத்திருக்க வேண்டும். ஆனால் எக்ஸ்போவை (எக்ஸ்எம்பி போன்ற ஏஎம்டியின் வசதி) ஆன் செய்தால் கணினி நிலைக்கவில்லை, அணைத்தால் 3600தான். ஏஎம்டி அந்த வரிசைக்கு அறிவித்திருப்பதே இரண்டு ரேமுக்கு 5200, நான்குக்கு 3600. நான்கையும் விற்றுவிட்டு 32 ஜிபி ரேம் ஜோடி ஒன்றை வாங்கினேன். கைக்காசு போனாலும் இப்போது நிம்மதியாக ரெண்டர் போட்டுவிட்டுத் தூங்குகிறேன்.

மதுரை உறுப்பினர்:

பழைய டிடிஆர்3 கணினி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. இணையத்தில் பாதி விலைக்கு 8 ஜிபி டிடிஆர்3 ரேம்கள் கிடைக்கும். அவற்றில் சில ஏஎம்டி போர்டுகளில் மட்டுமே ஓடும். அவற்றில் உள்ள சிப்களின் அமைப்பை இன்டெல் கணினிகள் ஏற்பதில்லை. விளம்பரத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில் 'ஏஎம்டி' என்று போட்டிருப்பார்கள். நான்காம் தலைமுறை இன்டெல் போர்டு வைத்திருக்கும் என் தங்கை அப்படி ஒன்றை வாங்கினாள். ஸ்லாட்டில் கச்சிதமாக உட்கார்ந்தது, திரைதான் வரவில்லை. நல்லவேளை, திருப்பி எடுத்துக்கொண்டார்கள். சர்வரிலிருந்து கழற்றி விற்கும் ரெஜிஸ்டர்டு ரேமும் இதே போலத்தான்: பொருந்தும், ஓடாது.

தஞ்சை உறுப்பினர்:

என்னிடம் இரண்டு ஸ்லாட் போர்டு, இன்டெல் எட்டாம் தலைமுறை, 8 ஜிபி டிடிஆர்4 ஒன்று இருக்கிறது. நண்பர் 4 ஜிபி ஒன்று சும்மா தருகிறார். அளவு வேறாக இருந்தால் டூயல் சேனல் (இரண்டு ரேமையும் ஒரே நேரத்தில் இரு பாதைகளில் பயன்படுத்தும் முறை) போய்விடும் என்கிறார்களே, உண்மையா?

சிவகாசி உறுப்பினர்:

முழுக்க உண்மையல்ல, நண்பரே. இன்டெல் போர்டில் இரண்டிலும் உள்ள 4 ஜிபி, 4 ஜிபி ஜோடியாகி டூயல் சேனலில் ஓடும். மிச்சமுள்ள 4 ஜிபி மட்டும் சிங்கிள் சேனல். கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினி என்றால் இப்போதைய ஒற்றை ரேமைவிட வேகம் கூடவே செய்யும், தாராளமாகப் போடுங்கள். மெம்டெஸ்டை இரவில் ஓடவிட்டுக் காலையில் பாருங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் வேகத்தை ஒரு படி குறைத்து மறுபடி ஓட்டுங்கள். அப்போதும் வந்தால் ஒவ்வொன்றாகக் கழற்றிச் சோதியுங்கள். அதற்குப் பிறகும் தீராவிட்டால் அந்த 4 ஜிபியை நண்பரிடமே கொடுத்துவிடுங்கள்.