இரண்டு வருட அனுபவம் கேட்கிறார்கள். அதை முதலில் எங்கே பெறுவது?

விசுவமடு வாசகி:

அனைவருக்கும் வணக்கம். உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவில் மூன்று பாடங்களிலும் சித்தியடைந்தேன். வெட்டுப்புள்ளி போதாமையால் பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. கடந்த ஏழு மாதங்களில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் உள்ள நிறுவனங்களுக்குக் கணக்கு உதவியாளர், காசாளர், தரவுப் பதிவாளர் ஆகிய பணிகளுக்காகப் பதினொரு விண்ணப்பங்களை அனுப்பினேன். இரண்டு இடங்களிலிருந்து மட்டுமே நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. ஓரிடத்தில், "முன்னர் எங்கே வேலை செய்தீர்கள்?" என்று கேட்டார்கள். "எங்கும் இல்லை" என்றேன். கோவையை மூடிவிட்டு, அறிவிப்பதாகச் சொன்னார்கள், இன்றுவரை அறிவிக்கவில்லை.

வேலை செய்தால்தான் அனுபவம் வரும். அனுபவம் இருந்தால்தான் வேலை தருவார்கள் என்றால், என்னைப் போன்றவர்கள் எங்கிருந்து தொடங்குவது? நான் வீட்டில் சும்மா இருக்கவில்லை. பரீட்சை முடிந்த நாளிலிருந்து மாமியின் பலசரக்குக் கடையில் நின்று, கமக்காரக் குடும்பங்களின் கடன் கொப்பியை எழுதி வருகிறேன். ஆனால் அதை வேலை என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்தானே.

கிளிநொச்சிக் கணக்காளர்:

தங்கச்சி, நீங்கள் கடைசியில் போகிற போக்கில் சொல்லிவிட்டுச் சென்ற வரியில்தான் உங்கள் கேள்விக்கான பதில் இருக்கிறது. நான் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பதினான்கு ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். புதியவர்களைத் தெரிவுசெய்யும்போது மேசையின் மறுபக்கத்தில் இருப்பவன் என்ற வகையில் இதைச் சொல்கிறேன். விதைப்புக் காலத்தில் சாமான் வாங்கி, காலபோக நெல்லை விற்ற பிறகு கணக்குத் தீர்க்கும் குடும்பங்களுக்குக் கொப்பி எழுதுவது, நீங்கள் பாடசாலையில் படித்த கடன்பட்டோர் பேரேடுதான். "எங்கும் இல்லை" என்று நீங்கள் சொன்னது அடக்கமாக இருக்கலாம். ஆனால் அது உண்மை அல்ல.

அனுபவம் கேட்பவர் உண்மையில் மூன்று விடயங்களுக்கு அஞ்சுகிறார்: காசு குறையக்கூடும், மாத முடிவில் கணக்கு ஒத்துவராமல் போகக்கூடும், வந்தவர் மூன்றாம் வாரமே சொல்லாமல் நின்றுவிடக்கூடும். அந்த அச்சத்தைப் போக்கும் எதுவும் அவருக்கு அனுபவமாகவே தெரியும். ஆகவே சுயவிபரக் கோவையில் "கடையில் உதவி செய்தேன்" என்று எழுதாதீர்கள். எத்தனை குடும்பங்களின் கணக்கு, எத்தனை போகங்கள், நாளாந்த விற்பனையை யார் எண்ணி ஒப்படைத்தது, விநியோகத்தர்களின் பற்றுச்சீட்டுகளை யார் சரிபார்த்தது என்பவற்றை எண்ணிக்கையுடன் எழுதுங்கள்.

ஒரு முறை எங்களிடம் வந்த தம்பி ஒருவரிடம் எந்தச் சான்றிதழும் இல்லை. தகப்பனாரின் லொறிக்குத் தான் எழுதிய சீ.ஆர். கொப்பியைக் கொண்டு வந்திருந்தார். டீசல், கூலி, சாப்பாடு, மிச்சம் என்று நான்கு நிரல்கள். ஒரு பக்கத்தில் 350 ரூபா குறைவு என்று சிவப்பு மையால் வட்டமிட்டு, இரண்டு நாள் கழித்து அதன் அருகே "டயர் ஒட்டு, எழுத மறந்தது" என்று திகதியுடன் குறித்திருந்தார். அந்தச் சிவப்பு வட்டத்தைப் பார்த்த பிறகு, கேட்க வைத்திருந்த கேள்விகளில் பாதியை நான் கேட்கவில்லை. நீங்களும் சில பக்கங்களைப் பிரதி எடுத்துச் செல்லலாம். ஆனால் கடன் எடுத்தவர்களின் பெயர்களை மறைத்துவிட்டே எடுத்துச் செல்லுங்கள். ஊராரின் கடனை வெளியே காட்டுபவரைக் கணக்குப் பிரிவில் எவரும் சேர்க்க மாட்டார்கள்.

மாமியிடம் கடிதம் வாங்குங்கள். இருப்பினும் உறவினரின் கடிதத்துக்குப் பாரம் குறைவு என்பதால், வாரந்தோறும் கடைக்குச் சாமான் இறக்கும் விநியோகத்தர் ஒருவரிடமோ, உங்கள் பாடசாலை அதிபரிடமோ இன்னொரு கடிதமும் பெறுவது நல்லது.

மாங்குளம் மின்வேலையாள்:

கணக்காளர் ஐயா சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் கொப்பியைத் திறந்து பார்க்கும் பொறுமை எல்லா முகாமையாளருக்கும் இராது. போருக்குப் பிறகு வீட்டுத்திட்டங்கள் வந்த காலத்தில் நான் சித்தப்பாவுடன் ஆறு வருடங்கள் வீடுகளுக்கு வயறிங் செய்தேன். கை வேலை தெரியும். கையில் ஒரு கடதாசியும் இல்லை. ஒப்பந்தகாரர் ஒருவர் சான்றிதழ் கேட்டபோதுதான், முன்கற்றலை அங்கீகரிக்கும் முறை ஒன்று இருப்பதை அறிந்தேன். வகுப்பில் இருந்து படிக்காமல் செய்து பழகியவர்கள், செய்த வேலைக்கான ஆதாரங்களைத் தொகுத்துக் கொடுத்து, மதிப்பீட்டாளர் முன் வேலையைச் செய்து காட்டி, தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழைப் பெறலாம். மதிப்பீட்டாளர் எனக்கு ஒரு பலகையையும் வயர்களையும் தந்து, விநியோகப் பெட்டியைப் பொருத்தச் சொன்னார். பேச்சுக்கு அங்கே இடமே இருக்கவில்லை.

ஆனால் தங்கச்சிக்கு இந்த வழி இப்போதைக்குப் பொருந்தும் என்று நான் நினைக்கவில்லை. அது நீண்ட காலம் ஒரே தொழிலில் நின்றவர்களுக்கு உரியது. கணினிக் கணக்கீடு போன்ற ஒரு பயிற்சிநெறியில் சேர்வதே உங்களுக்கு உகந்தது. இத்தகைமையில் மொத்தம் ஏழு மட்டங்கள் உண்டு. நான்கு வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்குச் சமம். பல பயிற்சிநெறிகளின் இறுதியில் நிறுவனம் ஒன்றில் தொழிலிடப் பயிற்சியும் இருக்கும், அந்த மாதங்களே உங்கள் முதலாவது அனுபவமாகிவிடும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு பெற்றிருப்பது வேறு, அங்கு நடக்கும் குறிப்பிட்ட பயிற்சிநெறி தரச்சான்று பெற்றிருப்பது வேறு. இரண்டையும் கேட்காமல் காசு கட்டிய பலரை எனக்குத் தெரியும். தொழில்நுட்பத்தில் விருப்பமுள்ள தம்பி, தங்கைமார் அறிவியல்நகரில் உள்ள இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகத்தையும் விசாரிக்கலாம்.

வவுனியா ஓய்வூதியர்:

பிள்ளை, வேலை கிடைத்தால் போதும் என்ற நிலையில் நீங்கள் இருப்பதால், கிடைக்கும் வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. "அனுபவம் இல்லை, ஆகவே மூன்று மாதம் சம்பளமின்றிப் பழகுங்கள்" என்று சொல்லும் கடைகள் நமது பக்கத்தில் உண்டு. மூன்று மாதம் முடிந்ததும் வேறொரு பிள்ளை அதே கதிரையில் பழகத் தொடங்கும். தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாகவும், 2026 ஜனவரியிலிருந்து 30,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. புதியவர் என்பதற்காக அதற்குக் கீழே போக முடியாது.

பரீட்சார்த்த காலத்திலும் முதல் நாளிலிருந்தே ஊழியர் சேமலாப நிதிக்குப் பணம் கட்டப்பட வேண்டும். 30,000 ரூபாச் சம்பளத்தில் உங்களிடமிருந்து 8 வீதமாக 2,400 ரூபா கழிக்கப்படும். தொழில்தருநர் தமது பங்காக 12 வீதம், அதாவது 3,600 ரூபாவைச் சேர்க்க வேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கான 3 வீதமும் அவருடையதே. அதை உங்கள் சம்பளத்தில் கழிக்கக் கூடாது. உறுப்பினர் இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். நாளை அந்த இடம் சேவைச் சான்றிதழ் தர மறுத்தாலும், நீங்கள் அங்கே வேலை செய்தீர்கள் என்பதற்கு அந்தப் பதிவு சாட்சியாக நிற்கும். நியமனக் கடிதத்தையும் எழுத்திலேயே பெறுங்கள்.

இன்னொன்று, விசுவமடுவிலிருந்து பரந்தன் சந்தி வழியாகக் கிளிநொச்சிக்கு வந்து போக வேண்டியவர் நீங்கள். மாலையில் எத்தனை மணிக்குக் கடை மூடுவார்கள் என்பதை நேர்முகத் தேர்விலேயே கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை. வேலை கிடைத்தும் பேருந்து கிடைக்காமல் நின்றுவிட்ட பிள்ளைகள் பலர்.

விசுவமடு வாசகி:

மூவருக்கும் மிக்க நன்றி. நேற்றிரவு கொப்பிகளை எடுத்து எண்ணிப் பார்த்தேன்: நாற்பத்து மூன்று குடும்பங்கள், நான்கு போகங்கள். மாமியிடம் கடிதம் கேட்டபோது முதலில் சிரித்தார், பிறகு, "அதில் என்னவென்று எழுதுவது?" என்று கேட்டு எனக்குப் பக்கத்திலேயே அமர்ந்துவிட்டார். ஒரு சிக்கல் இருக்கிறது. கடையின் வியாபாரப் பதிவு இன்னும் காலஞ்சென்ற மாமாவின் பெயரிலேயே இருக்கிறது. அப்படியிருக்க, மாமி ஒப்பமிட்ட கடிதம் செல்லுமா?

கிளிநொச்சிக் கணக்காளர்:

பதிவு கணவரின் பெயரில் இருப்பதையும், அவர் காலமான பின் கடையைத் தாமே நடத்தி வருவதையும் மாமி அந்தக் கடிதத்தின் முதல் வரியிலேயே எழுதட்டும். மறைத்தால்தான் கேள்வி வரும். விநியோகத்தரின் கடிதத்தையும் அதனுடன் இணையுங்கள். பெயர் மாற்றத்துக்கு எவை தேவை என்பதைப் பிரதேச செயலகத்தில் கேட்டு, அந்த வேலையையும் மாமிக்காக நீங்களே செய்து முடியுங்கள். அதையும் சுயவிபரக் கோவையில் எழுதலாம்.